தீவை வலம் வந்த இருசப்பன்

எண்பத்திரண்டாம் வருடம் அடி அண்ணாமலை இருசப்பன் ஆகாய விமானம் ஏறினார். அந்த ஊரில் அதற்கு முன் யாருமே ஏறியதில்லை என்று சொல்ல முடியாது. பட்டாளத்தில் இருந்த ஒருவர் ஏறியிருக்கிறார். ஆனால் அவர் போனது சண்டை போட. இருசப்பன் போனது சும்மா உட்கார்ந்திருக்க.

அவரிடம் மூன்று அறைகள் இருந்தன. மல்லாட்டை என்கிற நிலக்கடலை விளைந்துகொண்டிருந்த நிலத்தில் பாதியை விற்று, மெத்தைக் கட்டிலும் மேல்நாட்டுக் கக்கூசும் வைத்துக் கட்டியவை. வெள்ளைக்காரர்கள் வந்து குவிவார்கள் என்று நம்பினார். குவியத்தான் செய்தார்கள், மலைக்கு அந்தப் பக்கம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தை ஒட்டி ராமதாஸ் கட்டியிருந்த லாட்ஜில் வராந்தாவில்கூடப் படுத்துக் கிடந்தார்கள். மலையின் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலைக்கு அவர்கள் வலம் வரும்போது மட்டும் வருவார்கள். தண்ணீர் கேட்பார்கள், குடிப்பார்கள், நடப்பார்கள். மூன்று அறைகளிலும் அவர் பெண்டாட்டி பச்சையம்மாள் கோழி அடைத்தாள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ராமதாஸ் இதை ஊருக்கே கேட்கிற மாதிரி விசாரித்தார்.

"இன்னா இருசப்பா, கோழிக்கெல்லாம் ஃபேன் போட்டு உடறியாமே? எங்க லாட்ஜுலயே ரெண்டு ரூமுல ஃபேன் ஓடல. பேசாம உங்கூட்டுக் கோழியாப் பொறந்திருக்கலாம்."

இருசப்பன் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

அந்த மார்கழியில்தான் ஹெலன் அம்மாள் வந்தாள். கணவன் செத்துப் போய், மத்தியதரைக் கடலில் ஒரு தீவையும் அதில் படகுத்துறையோடு கூடிய பெரிய ஓட்டலையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். செங்கம் ரோட்டில் சத்தம் ஜாஸ்தி என்று இருசப்பன் வீட்டு முதல் அறைக்கு வந்து சேர்ந்தாள். கோழிகள் இரண்டாவது அறைக்கு மாறின.

இருசப்பனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ், நோ, டீ, ஹாஃப், ஃபுல். இதை வைத்துக்கொண்டு டீக்கடை நடத்தலாம், உரையாடல் நடத்த முடியாது. ஆகவே அவர் வாயே திறக்கவில்லை. அந்த அம்மாள் அதை மௌனம் என்று எடுத்துக்கொண்டாள். காலையில் பச்சையம்மாள் நிலம் விற்ற கதையை எடுத்து, மாமனார் வரைக்கும் இழுத்துத் திட்டுவாள். இருசப்பன் தலையைக் குனிந்து புன்னகையோடு நிற்பார். எவ்வளவு ஏசினாலும் கலங்காத மனிதர் என்று ஹெலன் அம்மாள் கைகூப்பினாள். பச்சையம்மாள் திட்டுவதில் குறை வைக்காததால் அவருடைய ஞானமும் நாளுக்கு நாள் வளர்ந்தது.

கிளம்பும்போது ஆசிரமத்து ஆள் ஒருவரைத் தமிழில் சொல்ல வைத்து அவள் ஒரு யோசனை சொன்னாள். தன் ஓட்டலுக்கு வருகிறவர்களிடம் பணம் இருக்கிறது, நிம்மதி இல்லை. இருசப்பன் கோடையில் ஒரு பத்து நாள் தீவில் வந்து உட்கார்ந்திருக்கட்டும். அவர்களுக்குப் பிடித்துவிட்டால், இனி ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு கூட்டத்தை அடி அண்ணாமலைக்கே அனுப்புகிறாள். மூன்று அறையும் நிரம்பி வழியும். டிக்கெட் அவள் செலவு.

பச்சையம்மாள் கட்டுச்சோறோடு புத்தியும் கட்டிக் கொடுத்தாள். "அங்க போயி வாயத் தொறக்காத. நீ பேசாத வரைக்கும்தான் நல்லவன்."

தீவின் பெயரை இருசப்பன் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்வார். ஆனால் இடத்தைப் பற்றிய விவரணை மாறியதே இல்லை. மாட்டுச் சந்தையில் வண்டிகளை அவிழ்த்துவிட்ட மாதிரி வரிசையாக வெள்ளைப் படகுகள். ஒவ்வொன்றையும் ஓர் ஆள் துடைத்துக்கொண்டே இருப்பான். அவர் இருந்தவரை ஒன்றுகூடக் கடலுக்குள் போகவில்லை. படகின் சொந்தக்காரர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, கூழ்வடாம் மாதிரி வெயிலில் காய்ந்தார்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் அவர்களே திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். நம் ஊர் சித்திரை வெயிலைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை, இங்கே விலை கொடுத்து வாங்குகிறார்களே என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். ஏதாவது வேண்டுதலாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அவரை வெள்ளை வேட்டியோடு நீச்சல் குளத்தின் ஓரம் உட்கார வைத்தார்கள். முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மறுநாள் அந்த வாசலில் செருப்புக் குவியல். மூன்றாம் நாள் அதற்குக் காவல் போட்டார்கள். ஊறுகாய் இல்லாத சோற்றை அவர் வெறித்துப் பார்த்ததைத் தியானம் என்று சொல்லி, பக்கத்து மேசைக்காரர்களும் தங்கள் தட்டை வெறித்தார்கள். காரியம் கூடி வந்துகொண்டிருந்தது. மூன்று அறைக்கும் ஆள் சேர்ந்து, நாலாவது கட்டலாமா என்று அவர் மனசு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிவிட்டது.

ஓட்டலுக்குப் பின்னால் ஒரு சிறு மலை இருந்தது. உங்கள் ஊரில் மலையை என்ன செய்வீர்கள் என்று ஒரு தடித்த மனிதர் சைகையால் கேட்க, இருசப்பன் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். ஹெலன் அம்மாள் மகிழ்ந்து போனாள். மறுநாள் காலையே எல்லோரும் வெறுங்காலோடு மலையைச் சுற்றுவதாக ஏற்பாடு.

வழி அழகாகத்தான் இருந்தது. இரு பக்கமும் பூச்செடி, கீழே நீலக் கடல். பாதி வழியில் குடை நட்டு, மேசை போட்டு, எலுமிச்சம்பழச் சாறோடு வெள்ளைக் கால்சட்டை மேனேஜர் காத்திருந்தார். இதோடு வலம் முடிந்தது, குடித்துவிட்டு வந்த வழியே திரும்பலாம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஹெலன் அம்மாளும் தனக்குத் தெரிந்த தமிழில், "போதும், திரும்பு" என்றாள்.

இருசப்பன் நின்றார். அவர் ஊரில் மலை சுற்றுகிறவர் கால் வலித்தால் உட்காருவார், பசித்தால் சாப்பிடுவார், மயக்கம் வந்தால் யாராவது தாங்கிப் பிடித்து மிச்சத்தை நடத்தி வைப்பார்கள். மலையை இடக்கைப் பக்கம் வைத்துத் திரும்பி நடந்த ஆளை அவர் கேள்விப்பட்டதே இல்லை. இடம் சுற்றுவது சாவுக்கு. மறுபுறம் மூன்று அறைகளும் கண் முன்னால் வந்தன. அதில் கோழிகள் வந்தன. ராமதாஸின் பல்வரிசை வந்தது. சாற்றைக் குடித்துவிட்டுத் திரும்பினால் எல்லாம் முடிந்தது, ஒரு டம்ளர் தூரம்தான்.

அங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் வாய் திறந்தார்.

"நோ ஹாஃப். ஃபுல்."

சொல்லிவிட்டு நடந்தார். கூட்டம் சிலிர்த்துப் போய்விட்டது. இவ்வளவு சுருக்கமாக யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்ததில்லை. சாற்றை வைத்துவிட்டு அத்தனை பேரும் பின்னாலேயே போனார்கள். மேனேஜர் ஓடினார், வழியை மறித்தார், கும்பிட்டுக்கூடப் பார்த்தார்.

வளைவு தாண்டியதும் பூச்செடி நின்றது. தகரக் கொட்டகைகள். ஓட்டல் படுக்கை விரிப்புகள் கொடியில் வரிசையாகக் காய்ந்தன. காலி பாட்டில்கள் ஒரு குன்று, ஈ மொய்க்கிற நண்டு ஓடுகள் ஒரு குன்று. அடிவாரத்திலிருந்து ஒரு பருத்த குழாய் கடலுக்குள் போனது. ஓட்டல் கக்கூஸ்களில் இழுத்துவிட்டதெல்லாம் இங்கேதான் வந்தது. முந்தின இரவு சூப் ஊற்றிய ஆட்கள் பனியனோடு ஒற்றைக் குழாயடியில் முகம் கழுவ நின்றிருந்தார்கள். விருந்தாளிகளைக் கண்டதும் ஒருவர் பதறி, வேறொன்றும் கிடைக்காமல், வெள்ளைக் கையுறையை மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டார்.

இருசப்பனுக்கு மட்டும் எந்த அதிர்ச்சியும் இல்லை. மலைக்குப் பின்பக்கம் ஆட்கள் இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாத விஷயமா? தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். விரிப்பு துவைக்கிற பெண் ஒரு சொம்பு போன்ற பாத்திரத்தில் கொடுத்தாள். அண்ணாந்து குடித்தார்.

மற்றவர்களில் ஒரு அம்மாள் அழுதாள். இருவர் போட்டோ எடுத்தார்கள். அப்புறம், அழுத அம்மாள் உட்பட எல்லோரும் மேனேஜரைச் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வி கேட்டார்கள்: நாங்கள் தினமும் குளிக்கிற கடலும் இந்தக் குழாய் விழுகிற கடலும் ஒன்றுதானா?

இருசப்பன் வலத்தை முடித்து, புறப்பட்ட இடமான ஓட்டல் கொடிக்கம்பத்தடியில் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது பக்கத்தில் ஹெலன் அம்மாள் மட்டும் இருந்தாள். அவள் கைகூப்பவில்லை. மறுநாள் விமானத்தில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது.

குளிர்காலத்தில் கூட்டம் வந்தது, சொன்னபடியே. இறங்கியது ராமதாஸ் லாட்ஜில். ராமதாஸுக்கு ஹாஃப், ஃபுல் பேதமெல்லாம் கிடையாது. வேன் வைத்து, மலை நன்றாகத் தெரிகிற இடம் வரைக்கும் கூட்டிப் போய், இளநீர் வெட்டிக் கொடுத்து, வந்த வழியே திருப்பிக் கொண்டுவந்து விட்டார். விருந்தாளிகளுக்குப் பரம திருப்தி.

ஒருவரைத் தவிர. அந்தத் தடித்த மனிதர் வேன் கிளம்புமுன்பே லாட்ஜ் வாசலில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மத்தியான வெயிலில் கொப்புளக் காலோடு அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். இருசப்பன் கொடுத்த தண்ணீரை அண்ணாந்து குடிக்கப் பார்த்து சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார். வந்த வழியைக் காட்டி, "ஹாஃப்?" என்றார். இருசப்பன் ஆமாம் என்று தலையாட்டினார். மனிதர் அறையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துத் தூங்குவது போலக் காட்டினார்.

"இன்னா கேக்குறாரு?" என்றாள் பச்சையம்மாள்.

"ரூம் வேணுமாம். மாசக் கணக்குல இருப்பாராட்டம் இருக்குது."

பச்சையம்மாள் மறு பேச்சுப் பேசாமல் உள்ளே ஓடி, கோழிகளை விரட்டி, மெத்தையைத் தட்டினாள். வெளியே வந்து பார்த்தால் வாசலில் வெள்ளைக்காரர் இல்லை. இருசப்பன் காஞ்சி ரோட்டுப் பக்கம் கை நீட்டி நின்றார். தூரத்தில் அந்த மனிதர் மலையை வலக்கைப் பக்கம் வைத்து நொண்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அந்த வழி சுற்றிப் போய் முடிகிற இடம் ராமதாஸ் லாட்ஜ் வாசல்.

"பாதி வலத்துல வந்து படுக்கலாமா? முடிச்சுட்டு வரட்டும்னு சொன்னேன்" என்றார் இருசப்பன்.



"வாயத் தொறக்காதன்னு அப்பவே சொன்னேன்" என்றாள் பச்சையம்மாள். பிறகு கோழிகளை பா, பா என்று கூப்பிட்டு உள்ளே விட்டாள்.