எல்வினின் தீராத மந்திரங்கள்

எல்வினுக்கு ஒரு வியாதி உண்டு. எங்காவது ஒரு பல்பு எரியாமல் கிடந்தால் அவனால் சும்மா கடந்து போக முடியாது. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ராஜநாயகம் தேயிலை ஆலையில் வேலை பார்த்தவர். இப்போது எல்வினுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. திரிங்காப் என்ற மலையூரில் பூவும் காய்கறியும் ஏற்றிக் கோலாலம்பூர் சந்தைக்கு லோரி ஓட்டுகிறான். பனிமூட்டத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்கு வெளிச்சத்தின் மேல் ஆசை இருக்கும், இருக்கட்டும். அதற்காக அடுத்தவர் பல்பைக் கேட்காமல் கழற்றி மாட்டுகிறதா?

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நேராகக் கம்போங் ராஜாவில் உள்ள நண்பன் மகேனின் மோட்டார் பட்டறைக்குப் போய்விடுவான். அன்று பட்டறைக்கு லீவு. பின்பக்கத்து மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து விளையாடுவார்கள். மகேன் கதை சொல்வான். மற்ற மூவருக்கும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். வீசிய வாள் பட்டதா, படவில்லையா என்று பல முகம் கொண்ட தாயக்கட்டை முடிவு செய்யும். பாலர் பள்ளி ஆசிரியை குமுதா அதில் திருடி. திரிங்காப்பில் சாமந்தித் தோட்டம் வைத்திருக்கும் நளினி வாள்வீராங்கனை. எல்வின் மந்திரவாதி.

மந்திரவாதி என்றதும் இடியும் நெருப்பும் நினைவுக்கு வரும். அதெல்லாம் பெரிய மந்திரம். ஒரு தடவை விட்டால் தீர்ந்துபோகும், தூங்கி எழுந்தால்தான் திரும்ப வரும். அது போகச் சில்லறை மந்திரங்கள் என்று சில உண்டு. அவற்றை எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம், தீரவே தீராது. கோல் நுனியில் விளக்கேற்றுவது, கிழிந்ததை ஒட்டவைப்பது, தள்ளி நிற்பவர் காதில் மட்டும் ரகசியம் சொல்வது. எல்வினுக்கு இவை போதும். பூதம் வாயைப் பிளந்துகொண்டு எதிரே நிற்கும், இவன் குமுதாவின் கிழிந்த பையை ஒட்டிக்கொண்டிருப்பான்.

"நெருப்ப விடுங்க லா எல்வின்! தையல் வேலய அப்புறம் பாக்கலாம்!" என்று குமுதா தலையில் அடித்துக்கொள்வாள். நளினி சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் மழையென்றும் பாராமல் வாராவாரம் வருகிறான் என்று சொன்னால் அடிக்க வருவான். ஆனாலும் அதுதான் உண்மை.

காதில் சொல்கிற மந்திரத்துக்கு அந்த மேசையில் ஒரு வழக்கம். போடுகிறவர் எழுந்து போய் நிஜமாகவே காதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஊளையிட வேண்டும். கேட்டவர் அதே மாதிரி பதில் சொல்லலாம். இத்தனை வருஷமாக எல்வின் நளினியின் காதில் சொன்னதெல்லாம், "அந்த முறுக்கு டப்பாவ இந்தப் பக்கம் தள்ளுங்க" போன்ற அரிய ரகசியங்கள்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் அவனே மண்ணைப் போட்டுக்கொண்டான்.

சாமந்திக்கு இரவில் விளக்கு எரிந்தால் செடி வளர்ந்துகொண்டே இருக்கும், பூக்காது. வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டைக் கண்ட பிறகுதான் மொட்டு விடும். நளினி தன் பூக்கொட்டகைகளில் ஒன்றைத் தீபாவளிச் சந்தைக்கென்று ஒதுக்கி, விளக்கை அணைத்துவிட்டு, அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஈப்போவுக்குப் போயிருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் பூ ஏற்ற வந்தான் எல்வின். எல்லாக் கொட்டகையிலும் விளக்கு எரிய, ஒன்று மட்டும் இருட்டாகக் கிடந்தது. சும்மா இருப்பானா பாவி? பூவை ஏற்றத் தெரிந்தவனுக்கு அது எப்படிப் பூக்கிறதென்று தெரியவில்லை. சுவிட்சைத் தட்டி, எரியாத பல்புகளையும் மாற்றிவிட்டு விசிலடித்துக்கொண்டு போனான். முதலாளியம்மா சொல்லித்தான் செய்கிறார் என்று வேலையாட்களும் விட்டுவிட்டார்கள். நளினி சில வாரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது கொட்டகை முழுக்கப் பச்சை. தீபாவளி வந்தது, போனது, ஒரு மொட்டுகூட இல்லை.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றான்.

"எது நல்லதுன்னு என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள் நளினி. "அப்பா போனதுலேர்ந்து ஆளாளுக்கு வந்து என் தோட்டத்துல நல்லது செய்யிறாங்க. நீங்களுமா?"

பூவை வேறு லோரியில் அனுப்பத் தொடங்கினாள். கையிலிருக்கும் கதை முடிகிறவரை வந்துவிட்டு, அதோடு விளையாட்டிலிருந்தும் நின்றுவிடுவதாக மகேனிடம் சொல்லிவிட்டாள்.

அந்தக் கடைசி ஞாயிறும் வந்தது. கதையில் ஒரு கல்கோட்டை. நளினியின் வீராங்கனை அதற்குக் காவலாக உள்ளேயே தங்கிவிடுவாள், மற்ற இருவரும் பயணத்தைத் தொடர்வார்கள் என்று ஏற்பாடு. நளினி தன் தாயக்கட்டைகளைப் பையில் போட்டு முடிச்சும் போட்டுவிட்டாள்.

"எல்வின், கோட்டைக்கு வெளிய நிக்கிற. கெளம்புறதுக்கு முன்னால எதாச்சும் செய்யிறியா?" என்று கேட்டான் மகேன்.

எல்வின் அந்த முடிச்சைப் பார்த்தான். இன்றைக்கு விட்டால் அவளைப் பார்க்க இனி ஒரு சாக்கும் இல்லை.

"காதுல சொல்ற மந்திரம்" என்றான்.

குமுதாவும் மகேனும் காதைப் பொத்தி ஊளையிட, அவன் நளினியிடம் போய்க் குனிந்தான். "நல்லதுக்குன்னு சொன்னது தப்பு. ஒங்க எடத்துல ஒங்கள கேக்காம கைய வச்சிட்டேன். மன்னிச்சிடுங்க, நளினி."

நளினி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்வினின் முகம் போன போக்கைப் பார்த்து மகேனுக்குச் சங்கடமாகிவிட்டது. அதை மறைக்க விளையாட்டு விதிக்குத் தாவினான்.

"ஐயோ, மறந்துட்டேன் லா! சுத்தி கல்லுச் சுவரு. தடிச்ச கல்ல தாண்டி இந்த மந்திரம் போவாது. உள்ள இருக்கவளுக்குக் கேக்கல."

எல்வின் தன் நாற்காலிக்கே திரும்பினான். பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தடவை உருப்படியாகப் பேசினான், அதையும் சுவர் தின்றுவிட்டது.

தகரக் கூரையில் மழை கொட்டியது. நளினி பையின் முடிச்சை அவிழ்த்தாள்.

"மகேன், என் ஆளு கதவத் தொறந்துகிட்டு சுவத்துக்கு வெளிய வர்றா."

"அப்ப காவலு?"

"ஊருல வேற ஆளா இல்ல? வர்றான்னா வர்றா." எல்வின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அந்த மந்திரத்தத் திரும்பப் போடச் சொல்லு. அதான் தீராதுல்ல?"

எல்வின் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. இரண்டாம் முறை சொல்லும்போது, இத்தனை வருஷமாக முறுக்கு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததும் சேர்ந்து வந்துவிட்டது. "ஒங்கள பாக்காட்டி எனக்கு ஞாயித்துக்கெழமையே இல்ல. போயிடாதீங்க." குமுதா இந்தத் தடவை காதைச் சரியாகப் பொத்தவில்லை.

நளினி எழுந்து அவன் காதருகே வந்தாள். "நாளைக்கு லோரிய கொண்டாங்க. கடேசி கொட்டகையில ஒரு பல்பு போயிடுச்சு. எதுன்னு நான் காட்டுறேன். அத மட்டும் மாத்துங்க."

எல்வின் தலையை மட்டும் ஆட்டினான்.

மறுநாள் அவன் போனபோது நளினி இன்னும் வந்திருக்கவில்லை. எரியாத பல்பு எதுவென்று வாசலிலிருந்தே தெரிந்தது. கை துறுதுறுத்தது. புது பல்பைக் கையில் பிடித்தபடி, அவள் வருகிறவரை கொட்டகைக்கு வெளியிலேயே நின்றான்.