டிரைவர் குடிக்காத கள்

தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம். கேரளத்துப் பூப்பாறையிலிருந்து போடிக்கு ஜீப்பில் வந்தேன். மலை இறங்குமுன், தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்கும் டிரைவர் கள்ளுக்கடையில் வண்டியை நிறுத்தினார். கப்பைக்கிழங்கையும் மீன்குழம்பையும் ருசித்துச் சாப்பிட்டார். பிறகு கள் கிளாசை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வரப்போகும் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து, போடிக்கு வேறு வண்டி கிடைக்குமா என்று வாசலைப் பார்த்தேன்.

கிளாசை என் பக்கம் தள்ளினார்.

"வண்டி ஓட்டுறப்ப நான் தொடமாட்டேண்ணே. நீங்க குடிங்க. எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிக்கிட்டே வாங்க."

போன உயிர் திரும்பி வந்தது. குடித்தேன்.

வளைவுக்கு வளைவு விடாமல் கேட்டார்.

"மொதல்ல புளிச்சுச்சா, இனிச்சுச்சா? தொண்டையில நின்னுச்சா?"

நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

போடியில் இறங்கியபோது தலை சுற்றியது எனக்கு. திருப்தியாக உதட்டைத் துடைத்துக்கொண்டவர் அவர்.