டிரைவர் இல்லாத வண்டி

பூந்தமல்லி தாண்டி இருக்கிற பார்க்குக்கு மாப்பிள்ளைதான் எங்களை அழைத்துப் போனார். அங்கே கோபுர உயரத்துக்கு ஏறி, மடங்கி மடங்கி இறங்குகிற ரோலர் கோஸ்டரைப் பார்த்ததும், அவருடைய அம்மா, முத்தாபுதுப்பேட்டைச் சம்மந்தி, சிரித்தார்.

"சம்மந்தி, நீங்க இதுல ஏறுனா கத்துற கத்து எங்க ஊட்டுக்கே கேக்கும்."

அம்பத்தூரிலிருந்து கூட்ட நேரத்து எலக்ட்ரிக் டிரெயினில் ஒற்றைக் காலில் நின்று வேலைக்குப் போய் வந்தவள் நான். வாயிலிருந்து ஒரு சத்தம் வராது என்று சொல்லிவிட்டேன். வந்தால் இனி அவர்கள் வீட்டு விசேஷங்களில் எல்லாம் அதுதான் பேச்சு.

வரிசையில் நின்றபோது மாப்பிள்ளை கதை சொன்னார். பனி கொட்டுகிற ஏதோ தேசத்தில் மரத்தால் மேடு கட்டி, தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, அதில் சறுக்கி விளையாடினார்களாம். பனி இல்லாத ஊர்க்காரர்கள் ஆசைப்பட்டுச் சக்கரம் மாட்டினார்களாம். இப்போது சக்கரங்கள் தண்டவாளத்தை மேலே, பக்கத்தில், அடியில் என்று கவ்விக்கொண்டிருக்கும், கழலாது என்றார். அதைக் கேட்கத் தைரியமாக இருந்தது.

வண்டி வந்ததும் முதல் பெட்டியில் உட்கார்ந்தேன். ரயிலில் டிரைவரை ஒட்டின முதல் பெட்டியில் ஏறித்தான் எனக்குப் பழக்கம். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். சம்மந்தி கீழேயே நின்றுகொண்டார். மடியில் கம்பியை இறக்கிப் பூட்டினார்கள். சங்கிலி டக் டக்கென்று மேலே இழுத்தது. எதிரில் வானம் மட்டும்தான் தெரிந்தது.

"மாப்ள, டிரைவரு எங்க குந்திகினு கீறாரு?"

"டிரைவர் கெடயாது அத்தே."

"இன்ஜினு?"

"அதுவும் இல்ல. உச்சி வரிக்கும் சங்கிலி இழுத்து உட்ரும். அப்பால நம்ம கனத்துலயே ஓடும். அதான் மொத மேடு இம்மாம் ஒசரம்."

மனுஷரை ஏற்றி, அவ்வளவு உயரம் கொண்டுபோய்க் கைவிடுவதற்கென்றே ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். டக் டக் சத்தம் நின்றது. தரை எங்கள் மேல் வந்து விழுகிற மாதிரி இருந்தது.

இறங்கி வந்தபோது சம்மந்தி காத்திருந்தார்.

"இன்னா சம்மந்தி, கத்துனது நல்லா கேட்டுச்சே."

"கத்தல," என்றேன். "கேட்டேன்."

பொய் இல்லை. இறக்கம் முழுக்க, வளைவு முழுக்க, "டிரைவர் எங்கடா?" என்றுதான் கேட்டுக்கொண்டே வந்தேன். அந்த அம்மா நம்பவில்லை. மாப்பிள்ளை மட்டும், "ஆமாம்மா, கேள்விதான் கேட்டாங்கோ," என்றார்.

இன்றைக்கும் ஸ்டேஷனில் ரயில் வந்தால் முன்கண்ணாடியைப் பார்க்கிறேன். உள்ளே ஒரு தலை தெரிந்தால்தான் ஏறுகிறேன்.