லோடு வைத்துப் பார்த்த வண்டி

உங்கள் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்புக்கு வருவதை நிறுத்தியதற்கு அவளுடைய முதுகுவலிதான் காரணம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது பாதிதான். மீதிப் பாதி நான். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம்ம பழைய ஜீப்பை மூன்றாவது கையாக வாங்கினேன். வீடு ராஜபாளையத்தில், குத்தகைக்கு எடுத்த மாந்தோப்பு செண்பகத்தோப்புப் பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மேற்கே திரும்பி, தார் ரோடு முடிந்ததும் ஓர் ஓடை குறுக்கே வருமே, அதில் தண்ணீரை விடக் கல்தான் அதிகம். ஒவ்வொரு தடவையும் சைலன்சரோ டீசல் டேங்கோ இடிபடும். ஒரு நாள் டேங்க் நெளிந்து டீசல் ஒழுகி, பழுத்த சப்பட்டை மாம்பழத்தோடு வெயிலில் பாதி நாள் நின்றோம். வண்டியைத் தூக்கியே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அம்மா வாரத்தில் ஆறு நாள் பேண்டேஜ் துணி மில்லில் நின்றுகொண்டே வேலை பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் தோப்பில் காலை நீட்டி உட்காருவாள். போகும்போது பின்சீட்டில் நடுவில் அவள், இரண்டு பக்கமும் நீங்கள். அந்த ஒரு நாளைத்தான் நான் கெடுத்தேன்.

பட்டறை மெக்கானிக் எனக்கு மூன்று வழி சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து புது ஸ்பிரிங் செட்டும் அதற்கேற்ற நீளமான ஷாக் அப்சார்பரும் வரவழைத்துப் போடலாம். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீள போல்ட்டால் இறுக்கலாம். இல்லையென்றால் பழைய மினி லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி, வளைத்து, நம் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டலாம். முதலாவது என் கைக்கு எட்டாது. இரண்டாவதை அவரே வேண்டாம் என்றார், கல் ரோட்டில் கட்டை நகர்ந்துவிடும் என்று. மூன்றாவதற்கு நான் தலையாட்டியதும் ஒன்று சொன்னார்.

"அண்ணாச்சி, பட்டை சேத்தா ஷாக்கையும் மாத்திருங்க. பழசு நீளம் பத்தாது. சக்கரம் பள்ளத்துல எறங்கும்போது வெடுக்குன்னு இழுக்கும்."

ஷாக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் பள்ளிக்கூடச் செலவு வந்த மாதம் அது. ஆனால் அதைக் காரணமாகச் சொன்னால் பொய். ரெண்டு மாசம் பொறுத்திருந்தால் நல்ல ஷாக் வாங்கியிருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை.

பின்னால் பக்கத்துக்கு இரண்டு பட்டை, முன்னால் ஒவ்வொன்று. வண்டி நாலு விரல் உயர்ந்தது. நம்ம பக்கம் வண்டியைச் சோதிப்பதென்றால் லோடு ஏற்றிப் பார்ப்பதுதான். மாங்காய்ப் பெட்டிகளைக் கூரை முட்ட அடுக்கி ஓடையைக் கடந்தேன். ஒரு கல்லும் தட்டவில்லை, வண்டி படகு மாதிரி மெத்தென்று வந்தது. டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். பெட்டியை வைத்துப் பார்த்தவனுக்கு ஆளை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சீசன் முடிந்து முதல் ஞாயிறு. அம்மாவுக்குக் கால் படிக்கு எட்டவில்லை. நான் ஒரு மாங்காய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டேன். அவள் அதில் ஏறி நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கே ஏணி வச்சிருக்காவ. நீங்க பெட்டிய வச்சு ஏத்துறீய."

நாம் எல்லோரும் சிரித்தோம். கல் ரோடு வந்ததும் சிரிப்பு நின்றது. பின்னால் பாரம் இல்லாததால் லாரிப் பட்டை கொஞ்சமும் மசியவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்சீட்டு தூக்கிப் போட்டது. உங்களுக்கு அது விளையாட்டு, குதித்துக் குதித்துக் கத்தினீர்கள். அவள் மேல்கம்பியைப் பிடித்தபடி வந்தாள். தோப்பில் சாக்கை விரித்துப் படுத்தவள் கிளம்பும் வரை எழுந்திருக்கவில்லை. திரும்பும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இன்னைக்கு லோடு ஒண்ணும் ஏத்தலையா? ஏத்துனா செத்த அடங்கி வரும்ல."

சீசன்தான் முடிஞ்சிருச்சே, எதை ஏத்த என்று பதில் சொன்னேன். அவள் என்ன கேட்டாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

அதன் பிறகும் நாலைந்து வாரம் வந்தாள். பொறவு ஞாயிற்றுக்கிழமை என்றாலே மாவாட்டணும், தலைக்கு ஊத்தணும், துவைக்கணும் என்பாள். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க என்பாள். நானும் போனேன். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று.

ஒரு நாள் தோப்பில் கிளைகளைக் கவாத்து வெட்டும்போது என் வலது கை பிசகிவிட்டது. கூட வந்திருந்த உங்கள் மாமா வண்டியை எடுத்தார், நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். வாங்கின நாளிலிருந்து நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை. ஓடையைத் தாண்டுவதற்குள் பல்லோடு பல் முட்டியது, தண்டுவடத்தில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. இடது கையால் மேல்கம்பியைப் பிடித்தேன். உங்கள் அம்மா பழைய சேலைத் துணியைக் கிழித்து அந்தக் கம்பியில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப்போகாமல் இருக்க. இரண்டு வருஷமாக அது என் தலைக்குப் பின்னாலேயே தொங்கியிருக்கிறது.

கை சரியானதும் பட்டறைக்குப் போய் லாரிப் பட்டை அத்தனையையும் கழற்றச் சொன்னேன். நல்ல ஷாக்கும் போட்டேன். அந்த ஞாயிறு, வண்டியை இறக்கியாச்சு, வா என்று கூப்பிட்டேன். அம்மா வாசலுக்கு வந்து ஏறி உட்கார்ந்தாள். பெட்டி வேண்டியிருக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஓடை வரைக்கும் வாரேன். அங்கிட்டு இந்த முதுகுக்கு முடியாது."

இப்போதெல்லாம் ஓடைக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி அவளை உட்கார வைத்துவிட்டு, நான் கல்லில் கால் வைத்து நடந்து தோப்புக்குப் போகிறேன். இரண்டு பழம் பறித்துக்கொண்டு சீக்கிரம் திரும்பிவிடுவேன். எந்த மரத்துப் பழம் என்று கேட்பாள். சொல்வேன். அந்த மரம் இப்போது எம்புட்டு உயரம் என்று கேட்பாள். அதையும் சொல்வேன்.

பெரியவன் மதுரையில், சின்னவள் விடுதியில். பின்சீட்டில் அவளுக்கு இரண்டு பக்கமும் காலியாகத்தான் இருக்கிறது. கம்பியில் அந்தத் துணியை நான் அவிழ்க்கவில்லை.