கப் அக்கா தொட்டுப் பார்த்த கோப்பை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரைக் கப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த பெரிய டாக்டருக்கும் அவர் அக்காதான். நாள் முழுக்கச் சிறுநீர்க் கப்புகளோடு மல்லாடுகிற ஒருவருக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? அக்காவுக்கு அதில் வருத்தம் கிடையாது. "ரத்தம் எடுக்கிறவங்களப் பாத்தா எல்லாரும் பயப்படுறாங்க. என்னப் பாத்தா வெக்கப்படுறாங்க, அவ்வளவுதான்" என்பார்.

நான் பக்கத்து மேசைக்காரன். அக்கா நோட்டில் எழுதுவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். கையெழுத்து புரியவில்லை என்றால் டாக்டர் என்றும் பார்க்காமல் சண்டைக்குப் போவேன். அக்காவின் கையெழுத்தில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. அதுவே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எங்களிடம் வருவார்கள். அவர்களிடம் ஒரு வைரஸ் தலை தூக்குகிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. அந்த வைரஸைப் பற்றி முதலில் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது அநேகமாக நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறதாம். குழந்தைப் பருவத்தில் சாதாரணச் சளி மாதிரி வந்து, போனது போல் போக்குக் காட்டிவிட்டு, சிறுநீரகத்தில் படுத்துத் தூங்கிவிடுமாம். உடம்பின் காவல் விழித்திருக்கும்வரை அது புரண்டுகூடப் படுக்காது. ஆனால் இன்னொருவர் சிறுநீரகத்தை வைக்கும்போது, அதை அந்நியன் என்று துரத்திவிடாமல் இருக்க, மருந்து கொடுத்துக் காவலை அரைத்தூக்கத்தில் வைக்க வேண்டும். காவல் கண்ணயர்ந்தால் தூங்கிய வைரஸ் எழுந்துகொள்ளும். முப்பத்தெட்டு வயதுவரை இப்படி ஒரு குடித்தனக்காரனை உள்ளே வைத்துக்கொண்டு நான் ஊரெல்லாம் வம்பு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

கப் வந்ததும் அக்கா செய்கிற முதல் காரியம், கையுறை போட்ட கையால் அதைப் பிடித்துச் சூடு பார்ப்பது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. "உடம்புலேர்ந்து வந்தது உடம்புச் சூட்டுல இருக்கணும்ல?" என்பார். பிறகுதான் அதை இயந்திரத்தில் சுழற்றி, அடியில் படிந்ததைக் கண்ணாடித் துண்டில் பரப்பி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிவார். வைரஸ் பிடித்த சிறுநீரகச் செல்லின் மையம் வீங்கிப் புகை படிந்த மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் ஆயிரக்கணக்கான செல்களுக்கு நடுவே அப்படி ஒன்றுதான் ஒளிந்திருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த ஒன்றைத் தேடுவார். ஒரு நாளைக்கு நாற்பது கண்ணாடி, இருபத்திரண்டு வருஷம். நான் ஒரு மணி நேரம் பார்த்தாலே தலை சுற்றும்.

எங்களிடம் வந்தவர்களில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். ஏழு மாதத்துக்கு முன்னால் அவருடைய தங்கைதான் அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தது. தங்கை தையல்காரர். ஒவ்வொரு முறையும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு கூடவே வருவார். அண்ணன் பாட்டிலைத் தொட்டாரா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்.

அந்த வாரம் டிரைவரின் ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, இரண்டு மடங்காக ஏறிவிட்டது. என் பட்டியலில் அவருடைய சிறுநீர் முடிவுகள் முதலிலிருந்தே சுத்தம், வைரஸ் அறிகுறியே இல்லை. சிறுநீர் சுத்தமாக இருந்தால் ரத்தத்தில் வைரஸ் தேட மாட்டோம், அதுதான் ஆய்வின் விதி. சிறுநீரகத்தில் ஊசி குத்தி எடுத்த துணுக்கில் வீக்கம் மட்டும் தெரிந்தது. ஆக, உடம்பு தங்கையின் சிறுநீரகத்தை நிராகரிக்கிறது என்று பெரிய டாக்டர் முடிவுக்கு வந்தார். காவலை அடித்துப் போடுகிற மருந்தை மதியம் இரண்டு மணிக்கு ஏற்றத் தொடங்குவதாக ஏற்பாடு.

இதில் ஒரு பயங்கரம் இருக்கிறது. நிராகரிப்பும் வைரஸும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், வைத்தியம் மட்டும் நேர் எதிர். இருப்பது வைரஸாக இருந்தால், அந்த மருந்து அதற்கு விருந்து. தங்கை கொடுத்த சிறுநீரகம் போய்விடும்.

காலை பதினோரு மணிக்கு டிரைவரின் கப் வந்தது. அக்கா பிடித்துப் பார்த்தார்.

"இதுவும் சில்லுன்னு இருக்கு" என்றார்.

"இதுவும்னா?"

அக்கா நோட்டைத் திருப்பிக் காட்டினார். டிரைவரின் பெயருக்கு எதிரே ஓரத்தில், கடைசி ஆறு முறையும், பென்சிலில் 'சூடு இல்லை' என்று எழுதியிருந்தது. அந்தப் பென்சில் எழுத்தை நான் ஒவ்வொரு முறையும் பார்த்தவன்தான். கம்ப்யூட்டரில் சூட்டுக்கென்று ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எங்கே ஏற்றுவது என்று விட்டுவிட்டேன். பென்சிலில் எழுதியது கணக்கில் சேராது என்று அக்காவிடமே ஒருமுறை எரிந்து விழுந்தும் இருக்கிறேன்.

கழிப்பறையிலிருந்து அக்காவின் ஜன்னலுக்குப் பதினைந்தே அடி. அதற்குள் ஒரு கப் ஆறிப்போக வழியில்லை.

அக்கா கண்ணாடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இந்தத் தடவ செல்லெல்லாம் ஊதி வெடிச்சுக் கிடக்கு. இதுல பாதி தண்ணி. வெடிச்ச செல்லுல வைரஸ் இருந்தாலும் தெரியாது."

வெளியே பெஞ்சில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அவர்கள் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, உங்களத் திட்ட வரல. கப்புல எவ்வளவு பைப் தண்ணி ஊத்துனீங்க?"

டிரைவர் முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டார். தங்கையைப் பார்க்காமல், "பாதிக்குப் பாதி" என்றார். "நான் பஸ்ஸுல அடிக்கடி எறங்க முடியாதுக்கா. அதனால தண்ணி குடிக்கிறதில்ல. மஞ்சளா இருந்தா இவ கண்டுபிடிச்சுடுவா. கொடுத்துட்டு கவலப்படுறவளுக்கு எதுக்கு இன்னும் கவலைன்னு…"

தங்கை பாட்டில் மூடியைத் திறந்து அண்ணன் கையில் திணித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வரும், அப்போது வரவில்லை. ஒரு மனிதனுக்குச் சிறுநீர் வர வேண்டுமே என்று நாங்கள் மூன்று பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கழிப்பறை வாசலில் தங்கை காவல். ஒரு மணிக்கு அரைக் கப் வந்தது, நல்ல மஞ்சளாக. அக்கா அதைக் கையில் பிடித்து, "இது சூடு" என்றார்.

ஒன்றரைக்கு மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். எங்கே பார்த்தாலும் வீங்கிப் புகை படிந்த மையங்கள். ஆறு மாதம் ஒன்றுகூட இல்லை என்று நான் பட்டியல் போட்டவை கும்பலாக உட்கார்ந்திருந்தன.

அக்கா பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். "மருந்த ஏத்தாதீங்க டாக்டர். ஒரு தடவ கீழ வந்து பாத்துட்டு அப்புறம் என்ன வேணா செய்ங்க."

டாக்டர் படியில் ஓடி வந்தார். "எத்தனை இருக்கு?"

"எண்ணல. எண்ணுற அளவுல இல்ல."

அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். அப்படியே வார்டுக்குப் போன் செய்து மருந்தை நிறுத்தச் சொன்னார். அப்போது மணி ஒன்று ஐம்பது. அக்கா நோட்டில் எழுதிய 'சூடு இல்லை' ஏன் பட்டியலில் வரவில்லை என்று கேட்டபோது, நான்தான் விட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். "நாளைக்கே ஒரு கட்டம் போடு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. மறுநாள் ரத்தத்திலும் வைரஸ் என்று உறுதியானது.

காவலை மெல்ல மெல்ல எழுப்ப நான்கு மாதம் ஆயிற்று. மருந்தை ஒவ்வொரு முறை குறைக்கும்போதும், காவல் அதிகமாக விழித்துச் சிறுநீரகத்தையே விரட்டிவிடுமோ என்று பயம். அக்கா கண்ணாடி கண்ணாடியாக எண்ணி எழுதினார்: முந்நூறு, தொண்ணூறு, பதினொன்று. கிரியாட்டினினும் கூடவே இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சண்டை ஓய்வதை ஒரு பெண்மணி சாயம் பூசி எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

கண்ணாடியில் ஒரே ஒரு செல் மிஞ்சிய அன்று, தானும் பார்க்க வேண்டும் என்று தங்கை கேட்டார். அக்கா எழுந்து இடம் கொடுத்தார்.

"இது அண்ணனோட செல்லா?"

"சிறுநீரகத்தோட செல்லும்மா. அப்படின்னா உங்களோடது."

தங்கை வெகு நேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிராமல் கேட்டார். "அப்போ அந்த வைரஸும் எங்கிட்டேர்ந்துதான் போச்சா?"

நானாக இருந்தால் இல்லை என்று பொய் சொல்லியிருப்பேன். அக்கா, "போயிருக்கலாம். பெரும்பாலும் கொடுக்கிறவங்க சிறுநீரகத்துல தூங்கிக்கிட்டேதான் வரும்" என்றார். தங்கையின் கண் நிறைந்துவிட்டது.

வாசலில் நின்ற டிரைவர் உள்ளே வந்தார். "ஏய், உனக்கு அது எங்கேர்ந்து வந்துச்சு? சின்ன வயசுல சளியோட உன் பக்கத்துல படுத்து, உன் போர்வைலயே மூக்கத் தொடச்சது யாரு? நான் கொடுத்தத நீ இத்தன வருஷம் வச்சிருந்து திருப்பிக் கொடுத்திருக்க."

தங்கை எழுந்து அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அடித்த இடத்திலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே மறுபடியும் கையை ஓங்கினார்.

"தோள்லயே அடிங்கம்மா" என்றார் கப் அக்கா. "வயித்துப் பக்கம் வேணாம். அங்க இருக்கிறது உங்களோடது."