கறை அக்காவின் ஐந்து லிட்டர் கேன்

எங்கள் சலவைக்கூடத்துக் கறை அக்கா கேனில் சாராயம் ஒளித்துவைத்துக் குடிக்கிறாராம், மேற்பார்வையாளரிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாராம். தெருமுனை வரைக்கும் இதே பேச்சு. நானும் நாலு பேர் காதில் போட்டவன்தான், மறைப்பானேன்? ஆனால் நடந்தது வேறு.

எந்தக் கறை எதற்குப் போகும் என்று பார்த்ததுமே சொல்பவர் அக்கா. போன வருஷம் குடலில் புற்றுநோய்க் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு, இரண்டு நாளில் வேலைக்கு வந்துவிடுவார்.

ஒருநாள் கூடத்துக் கழிப்பறையில் நுரை. "எவடி இங்க சோப்புத் தண்ணிய ஊத்தினது?" என்று ஒரு மாசம் எல்லோரையும் வறுத்தெடுத்தார். எங்கள் தொழிலில் நுரையைக் கண்டால் சோப்பு என்றுதான் புத்தி போகும். வீட்டுக் கழிப்பறையிலும் நுரை நின்றபோதுதான், அது தன்னிடமிருந்தே வருகிறது என்று புரிந்து, ஊசி போடும் டாக்டரம்மாவிடம் ஓடினார் அக்கா.

"ரத்தக்குழாய் வளர உடம்பே ஒரு பொருளைச் சுரக்குதும்மா, வளர்ச்சிக் காரணின்னு பேரு," என்றார் டாக்டரம்மா. "அதை வச்சுத்தான் கட்டியும் ரத்தம் இழுக்குது. அதனால ஊசியால தடுக்கறோம். ஆனா சிறுநீரகச் சல்லடைக்கும் அது வேணும். கிடைக்கலேன்னா சல்லடை தளர்ந்து புரதம் ஒழுகும். அதான் நுரை."

"அப்ப ஊசிய நிறுத்திடுவீங்களா?"

"ஒருநாள் முழுக்கப் போறதைச் சொட்டு விடாம சேர்த்துக் கொண்டாங்க. அதுல புரதம் ரெண்டு கிராமைத் தாண்டினா கொஞ்ச நாள் நிறுத்தித்தான் ஆகணும்."

ஊசி நின்றால் கட்டி வளர்ந்துவிடுமோ என்று அக்காவுக்கு உயிரே போனது.

லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். கேனோடு வேலைக்கே வந்து, கறை மருந்துக் கேன்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். எங்கள் கூடத்தில் ஒரு சட்டம்: சீட்டு ஒட்டாத கேன் கண்ணில் பட்டால் தொட்டியில் கொட்டிவிட வேண்டும். மேற்பார்வையாளர் கண்ணில் பட்டது. மூடியைத் திருகியேவிட்டார்.

"என்னக்கா இது, மஞ்சளா?"

"கொட்டினே, கைய முறிச்சிருவேன்!" அக்கா பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஏன் என்று வெட்கத்தில் சொல்லவில்லை. பிறந்தது வதந்தி.

கணக்கு ஒன்றரை கிராமில் நின்றது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சேர்த்து, ஊசியைத் தொடர்ந்தார்கள்; அடுத்த மாதமும் இதேபோல் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அன்று சாப்பாட்டு அறையில் கதை சுடச்சுட ஓடிக்கொண்டிருக்க, அக்கா உள்ளே வந்தார்.

"சாராயமுமில்ல, சர்பத்துமில்ல. அது என் மூத்திரம். அடுத்த மாசமும் கொண்டு வருவேன், சீட்டு ஒட்டியே வைப்பேன். சந்தேகம் இருக்கறவன் மோந்து பாத்துக்கோ."