பந்தலில் தொங்கியதும் அட்டவணையில் இருந்ததும்

கௌசலாவுக்குத் தன் வேலையை யாருக்காவது விளங்கப்படுத்துவதென்றால் போதும் போதுமென்று ஆகிவிடும். மொன்றியலில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை என்றால், "புத்தகம் குடுக்கிறதோ?" என்று கேட்பார்கள். இல்லை, ஆராய்ச்சிக்காரர் சேர்த்த தரவுகளைக் களஞ்சியத்தில் வைக்கிற வேலை என்றால், "ஓ, கொம்பியூட்டர்" என்று கதையை முடித்துவிடுவார்கள். ஒருமுறை செயின்ட்-மிஷேலில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்த கஜந்தினி விடாமல் கேட்டபோது கௌசலா பொறுமையாகச் சொன்னாள்.

"ஒராள் வருஷக்கணக்கில அளந்து எண்ணினதை எல்லாம் தன்ர பெட்டிக்குள்ள பூட்டி வைச்சிருந்தா ஆருக்குப் பிரியோசனம்? அதை வாங்கி, பிழை பாத்து, விளக்கம் எழுதி, உலகத்தில ஆர் கேட்டாலும் எடுக்கக்கூடிய மாதிரி வைக்கிறதுதான் என்ர வேலை."

"சும்மாவோ குடுக்கிறியள்?"

"ஓம், சும்மாதான்."

கஜந்தினி நம்பவில்லை. சும்மா கொடுப்பதற்கு ஒருவருக்குச் சம்பளமா என்ற கேள்வி அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

திருகோணமலையிலிருந்து கௌசலா வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டிருந்தார். பகலில் தையல் தொழிற்சாலை, பின்னேரம் பிரெஞ்சு வகுப்பு என்று ஓடி, பிறகு நூலகப் படிப்புப் படித்து இந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள். பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. கணவர் சிவநேசம் யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். மகள் ஒட்டாவாவில். காலையும் மாலையும் பஸ்ஸில் கனநேரம் போகிறதே என்று யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். அந்த நேரத்தில் ஒருவரும் அவளை ஒன்றும் கேட்பதில்லை. அதைவிட என்ன வேண்டும்?

வேலையில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. எவ்வளவு பெரிய பேராசிரியராக இருக்கட்டும், தலைப்பில்லாத நிரலோடு ஒரு அட்டவணையை அனுப்பினால் அன்றைக்கு அவருக்குச் சனிதான். "தலைப்பில்லாத நிரலும் உப்பில்லாத சொதியும் ஒண்டுதான்" என்பாள். அதைப் பிரெஞ்சில் சொன்னால் யாருக்கும் விளங்காது என்பதால் பிரெஞ்சில் வெறும் "மெர்சி" என்று எழுதித் திருப்பி அனுப்புவாள்.

அந்தப் புரட்டாதியில் அவளிடம் றெபேக்காவின் தரவுகள் வந்தன. றெபேக்கா செயின்ட்-மிஷேலில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தாய் தகப்பன் மட்டக்களப்பு. நல்ல பிரெஞ்சு, இடையிடையே கால் தடுக்கும் தமிழ். மொன்றியல் வீட்டுத் தோட்டங்களில் என்னென்ன மரக்கறி எவ்வளவு காய்க்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. மூன்று கோடையாக வீடு வீடாய்ப் போய்க் கேட்டு எழுதியிருந்தாள். இத்தாலியர், ஹெயிட்டிக்காரர், எங்கள் ஆட்கள் என்று எல்லோர் தோட்டமும் அதில் உண்டு. மாதக் கடைசிக்குள் தரவுகள் களஞ்சியத்துக்குப் போனால்தான் அவளுடைய ஆய்வேட்டைத் தேர்வுக்கு எடுப்பார்கள்.

கோப்பு வலு சுத்தமாக இருந்தது. நிரலுக்கெல்லாம் தலைப்பு, அளவுக்கெல்லாம் அலகு. பெயர்களை எடுத்துவிட்டு 'தோட்டம் ஒன்று', 'தோட்டம் இரண்டு' என்று போட்டிருந்தாள். கௌசலாவுக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது. படங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுமதிப்போம் என்று திறந்தாள்.

'தோட்டம் பதினேழு' படத்தில் குருவி விரட்ட வைக்கிற ஒரு வெருளிப் பொம்மை நின்றது. அதற்கு மொன்றியல் ஹொக்கி அணியின் பழைய சிவப்புச் சட்டை போட்டிருந்தது. அந்தச் சட்டையின் கைமுட்டில் ஒட்டுப் போட்டவளே கௌசலாதான். அவளுடைய சொந்த வீட்டு வளவு! அவள் வேலைக்குப் போன நேரத்தில் றெபேக்கா வந்து சிவநேசத்திடம் கேட்டு எழுதியிருக்கிறாள். வெருளிக்குப் பின்னால் பந்தல் நிறையப் புடலங்காய், நுனியில் கல்லுக் கட்டி வரிசையாக நேராகத் தொங்கின. எண்ணத் தொடங்கிக் களைத்துப்போய் விட்டுவிட்டாள்.

அட்டவணைக்குப் போய்ப் பதினேழாம் தோட்டத்தின் முழுக் கோடைக்குமான விளைச்சலைப் பார்த்தாள். நாலு என்று இருந்தது.

தட்டெழுத்துப் பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு மற்றத் தமிழ்த் தோட்டங்களைப் பார்த்தாள். மூன்று, ஐந்து, நாலு. சொல்லி வைத்தாற்போல எல்லாரும். ஒருவர் 'ஒன்றும் வரவில்லை' என்றிருந்தார். படத்தில் அவருடைய பாகற்கொடி வேலியை மூடிப் பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. இத்தாலியர் வீட்டுத் தக்காளியோ பெட்டி பெட்டியாக இருந்தது. றெபேக்கா பாவம், கணக்குப் போட்டு முடிவும் எழுதியிருந்தாள்: புடலும் பாகலும் இந்தக் காலநிலைக்கு ஒத்துவரவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே ஒரு சமூகமே சேர்ந்து பந்தலை மறைத்திருந்தது.

கௌசலாவின் வேலை கோப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான். காய்த்தது எத்தனை என்று பார்ப்பதில்லை. அனுமதியை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் களஞ்சியத்துக்குள் போன தொகுப்புக்கு ஒரு நிரந்தர இலக்கம் விழும். அதற்குப் பிறகு சத்தமில்லாமல் அழிக்க முடியாது. புதிதாக வந்த ஒரு குடும்பம் தேடிப் பார்த்தால், இங்கே புடல் வராது என்று பல்கலைக்கழகமே சொல்லும். சொல்லாமல் விட்டால் பொய் நிரந்தரம்; சொன்னால் அந்தப் பிள்ளையின் மூன்று கோடையும் ஆற்றில் கரைத்த புளி. கௌசலா அனுமதியை அழுத்தவில்லை.

அன்று பின்னேரம் சிவநேசம் பந்தலுக்குக் கீழே நின்றார்.

"இஞ்சருங்கோ, றெபேக்கா வந்து கேக்கேக்க எத்தனை புடலங்காய் எண்டு சொன்னனீங்கள்?"

"நாலைஞ்சு எண்டு சொல்லியிருப்பன். ஏன்?"

"நாலைஞ்சோ? பிறிஜ்ஜில இடமில்லாமல் பால் பெட்டியை வெளியில எடுத்து வைச்சது மறந்துபோச்சோ?"

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. காய்ச்சு நிக்கிற பந்தலுக்குக் கீழ நிண்டு எண்ணிக்கை சொல்லுறதோ? அடுத்த நாளே பிஞ்செல்லாம் வெம்பிப் போகும்."

"அந்தப் பிள்ளை கண்ணூறு போடுற பிள்ளையோ?"

சிவநேசம் ஒரு காயின் கல்லை அவிழ்த்து வேறொன்றில் கட்டினார்.

"பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா கையில கடதாசி வைச்சிருந்தா. கௌசலா, நீரும் அங்க இருந்து வந்தனீர்தானே? சண்டை நேரம் வீட்டில எத்தனை பேர், எத்தனை சைக்கிள், எத்தனை மூட்டை நெல்லெண்டு கடதாசியோட வந்து கேட்டவைக்கு நாங்கள் எப்ப சரியாச் சொன்னனாங்கள்? வாய் தன்பாட்டில குறைச்சுப்போட்டுது."

தானும் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று கௌசலாவுக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை.

"அதில உங்கட பேர் இல்லை. இனி அது உலகத்துக்கே போகப்போகுது."

"உலகம் பாத்தா பாக்கட்டும். தங்கராசா பாக்கக்கூடாது" என்றார் சிவநேசம், வேலியை ஒரு பார்வை பார்த்து. தங்கராசா பக்கத்து வீட்டுக்காரர். ஒன்றும் வரவில்லை என்று சொன்ன பாகற்கொடியின் சொந்தக்காரரும் அவர்தான்.

மறுநாள் றெபேக்காவைக் கூப்பிட்டுக் கௌசலா எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளையின் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"மூண்டு வருஷம், அன்ரி. எல்லாரும் பொய்யா சொன்னவை?"

"பொய் எண்டு சொல்லாத பிள்ளை. அவையள் பந்தலைக் காப்பாத்தினவை."

"இப்ப நான் திரும்பிப் போய்க் கேக்கவா?"

"கேட்டா நாலு எண்டவை அஞ்சு எண்டுவினம்."

இருவருக்கும் வழி தெரியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வா, யோசிப்போம் என்று கௌசலா சொல்லி வைத்தாள். எங்கள் ஆட்களுக்கு வழி தெரியாவிட்டால் சோறு போடத் தெரியும்.

சனிக்கிழமை புடலங்காய்ப் பாற்கறி, பாகற்காய்ப் பொரியல். சாப்பிட்டு முடிய றெபேக்கா தன் முடிவைச் சிவநேசத்துக்குச் சொன்னாள். புடல் இந்த ஊருக்குச் சரிவராது என்று எழுதியிருக்கிறேன், அங்கிள் என்றாள். சிவநேசத்துக்கு யாரோ அவருடைய பஸ்ஸைக் குறை சொன்னாற்போல முகம் சிவந்தது.

"ஆர் சொன்னது சரிவராது எண்டு? வாரும் காட்டுறன்!"

பின்வளவுக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய பையில் வெட்டி வெட்டிப் போட்டார். இது உமக்கு, இது அம்மாவுக்கு, இது உங்கட சேர்ச்சில ஆருக்கும் குடும் என்று போட்டுக்கொண்டே போனார். றெபேக்கா பையைத் தூக்க முடியாமல் நின்றாள். மூன்று வருடமாகத் தன் அட்டவணையில் இந்தத் தோட்டம் காய்த்ததைவிட அவள் கையிலிருந்த பையில் கூடுதலாக இருந்தது.

"அங்கிள், வேற ஆருக்கு எல்லாம் குடுத்தீங்கள்?"

அவ்வளவுதான், மடை திறந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஆனந்தராசா அண்ணைக்கு ஒரு பெட்டி. கமலாவதி அக்காவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு ரெண்டு பை. பஸ் கராஜில் ஒரு கியூபெக்காரன், அவன் இதைப் பாம்பு என்று பயந்தவன், இப்போது அவனே கேட்டு வாங்குகிறான். போன வருடம், அதற்கு முந்தின வருடம், யார் வீட்டுக்கு எத்தனை, எந்த விசேஷத்துக்கு, எல்லாம் மனிதருக்கு நேற்று நடந்ததுபோல ஞாபகம்.

கௌசலாவும் றெபேக்காவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எத்தனை பறித்தாய் என்று கேட்டால் வாயைத் திறக்காத சனம், எத்தனை கொடுத்தாய் என்று கேட்டால் வாயை மூடாது!

றெபேக்கா அடுத்த கிழமை முழுக்க மறுபடி வீடு வீடாகப் போனாள். கடதாசிக்குப் பதில் பையோடு போய் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணியும் கிடைத்தது, பட்டியலும் கிடைத்தது. கொடுத்த கணக்கே பல தோட்டங்களில் முந்தைய விளைச்சலைவிடப் பல மடங்கு. பழைய எண்களை எடுத்துவிடவா என்று அவள் கேட்டபோது கௌசலா கூடாது என்றாள். களஞ்சியத்தில் எதையும் ஒளிப்பதில்லை. பழையது ஒரு நிரல், புதியது ஒரு நிரல், இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு ஒரு விளக்கம். அந்த விளக்கத்தில் கண்ணூறு என்றால் என்னவென்று எழுதினார்கள். கடதாசியோடு வருகிறவர்களுக்குக் குறைத்துச் சொல்லப் பழகிய சனம் இது என்றும் எழுதினார்கள். அதைப் பிரெஞ்சில் எழுதும்போது கௌசலாவின் கண் கொஞ்சம் கலங்கியது உண்மை. புடல் ஒத்துவராது என்ற முடிவை றெபேக்கா தானே அழித்தாள்.

ஒரே ஒரு குறை இருந்தது. கொடுத்தது தெரியும், வீட்டில் வைத்துச் சாப்பிட்டது தெரியாது. அது இல்லாமல் எந்தத் தோட்டத்தின் முழு விளைச்சலும் நிரம்பாது. யாரையும் நெருக்க மாட்டேன், வெற்றாகவே விடுகிறேன் என்றாள் றெபேக்கா.

கோப்பை மூடுகிற நாள் வந்தது. அன்றிரவு உறைபனி என்று வானொலி சொல்லியிருந்தபடியால், பொழுது சாய முன்னமே சிவநேசம் பந்தலை வெறுமையாக்கிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் தங்கராசாவும் அதே வேலையில். கௌசலாவின் கைபேசி அடித்தது. றெபேக்கா.

"அன்ரி, நான் மூடப்போறன். பதினேழுக்கு வெற்றுத்தானே?"

"ஓம் பிள்ளை, வெற்றாவே விடு" என்று கௌசலா சொல்லிக்கொண்டிருக்க, சிவநேசம் ஏணியிலிருந்து இறங்கி வந்து கையை நீட்டினார். அவள் கைபேசியைக் கொடுத்தாள்.

"பிள்ளை, எழுதும். குடுத்ததும் திண்டதும் எல்லாமாச் சேர்த்து, இந்த வருஷம் நூற்றிப் பதினெட்டு."

மெல்லச் சொல்லவில்லை. பந்தலுக்குக் கீழே நின்று, வளவு முழுக்கக் கேட்கச் சொன்னார். இந்த மனிதர் இவ்வளவு நாளும் ஒன்றுவிடாமல் மனதுக்குள் எண்ணியே வைத்திருந்திருக்கிறார். கௌசலாவுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் வாயால் ஒரு முழு எண்ணிக்கையை அவள் கேட்பது அதுதான் முதல் தரம்.

வேலிக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. பிறகு தங்கராசாவின் தலை பாகற்கொடிக்கு மேலால் எழும்பியது.

"அண்ணை, அந்தப் பிள்ளையைப் போனை வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றார். "எனக்குக் காய்ச்சது அதைவிடக் கூட!"